தயிருக்கு வயது பார்

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "அக்கா, வாரத்துக்கு ரெண்டு பாக்கெட் தயிர் வாங்கறேன். ஒண்ணு சாப்பிடறேன், ஒண்ணு புளிச்சுப்போய் சிங்க்ல கொட்டறேன். வெறும் தயிரை எத்தனை நாள்தான் அக்கா சாப்பிடறது?" என்றாய். புனேயில், வாக்கட்டில் தனி வீடு எடுத்து உனக்கு நாலு மாதம்தான் ஆகிறது. நான் கோத்ரூடுக்கு வந்து பதினேழு வருஷம். இந்தப் பதினேழு வருஷத்தில் அம்மாவிடம் கற்றதும் இங்கே அக்கம்பக்கத்தில் கற்றதும் சேர்ந்து என் கையில் இருப்பதை எல்லாம் எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படி.

நம் வீட்டில் அம்மா தயிரைக் கொட்டி நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததே இல்லை. தோய்ந்த அன்று அப்பாவின் தட்டுக்குக் கட்டித்தயிர். மறுநாள் மோர். அதற்கும் மறுநாள் மோர்க்குழம்பு, இல்லாவிட்டால் ரவா தோசை மாவில் இரண்டு கரண்டி. அம்மா தயிரின் வயதைப் பார்த்துச் சமைத்தாள். நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடும். இளந்தயிருக்கு ஒரு சமையல், ஒரு நாள் ஆனதற்கு வேறு, புளித்ததற்கு வேறு. புளித்த தயிரில் பச்சடி செய்துவிட்டு முகம் சுளிக்கிறோம். இளந்தயிரில் மோர்க்குழம்பு வைத்துவிட்டு சப்பென்று இருக்கிறது என்கிறோம். தயிர் பாவம், அதன் மேல் தப்பில்லை.

முதலில் உறை

பாக்கெட் தயிர் அவசரத்துக்கு உதவும். ஆனால் அது என்றைக்குத் தோய்ந்தது, எத்தனை நேரம் வெயிலில் வண்டியில் கிடந்தது என்பது உனக்குத் தெரியாது. வயது பார்த்துச் சமைக்க வேண்டுமென்றால் தயிர் பிறந்த நேரம் கையில் இருக்க வேண்டும். அதனால் வீட்டிலேயே உறை ஊற்று.

நான் இங்கு வந்த முதல் டிசம்பரில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஊரில் செய்கிற மாதிரியே ராத்திரி ஒரு சொட்டு உறை ஊற்றி மேடைமேல் மூடி வைத்தேன். காலையில் பால் பாலாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வழுவழுவென்று நூல் விட்டது. ஊரிலிருந்து மாமியார் வந்திருந்த நேரம் அது. கடைசியில் கடைத்தயிர் வாங்கிப் பரிமாறினேன். புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் குளிர் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், சில நாள் அதற்கும் கீழே போகும். உறையில் இருக்கிற நுண்ணுயிர்களுக்கோ 40 முதல் 45 டிகிரிச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில்தான் அவை பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பாக மாற்றும், அந்தப் புளிப்பில் பாலின் புரதம் இறுகித் தயிராகும். சூடு போதாவிட்டால் அவை தூங்கிவிடும், வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும்.

எதிர்வீட்டுக் காகூதான் கை கொடுத்தார். (இங்கே வயதில் பெரிய பெண்களை காகூ என்று கூப்பிட்டுப் பழகு, சித்தி என்கிற மாதிரி வாஞ்சையான சொல்.) பாலைக் காய்ச்சி இறக்கி, சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பத்து எண்ணச் சொன்னார். பத்து எண்ணும்வரை விரல் தாங்க வேண்டும், ஆனால் சூடு நன்றாகத் தெரிய வேண்டும். அதுதான் பதம். உறையை ஸ்பூனால் மசித்து, பாலில் கலந்து, ஒரு தடவை இந்தப் பாத்திரத்துக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் ஆற்றி ஊற்றினார். பிறகு பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, கோதுமை மாவு டப்பாவைத் திறந்து, மாவுக்குள் பாதி புதைந்திருக்கிற மாதிரி உட்கார வைத்து மூடினார். காலையில் எடுத்தபோது கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. உன்னிடம் அவ்வளவு பெரிய மாவு டப்பா இருக்காது. சப்பாத்தி வைக்கிற ஹாட்பேக் இருக்கிறதல்லவா, அதில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு அந்தச் சூட்டோடு பால் கிண்ணத்தை உள்ளே வை. போதும்.

அளவு இதுதான்: அரை லிட்டர் பாலுக்கு ஏப்ரல், மே மாதத்தில் அரை டீஸ்பூன் உறை. டிசம்பரில் இரண்டு டீஸ்பூன். வெயில் காலத்தில் நாலைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும், குளிரில் பத்து மணி நேரம்கூட ஆகும். தோயும்போது பாத்திரத்தை ஆட்டிப் பார்க்காதே. தோய்ந்த நிமிஷமே ஃபிரிட்ஜில் வை. குளிர் பட்டால் புளிப்பு ஏறுவது மெதுவாகிவிடும். புளித்த தயிரை உறையாக ஊற்றினால் வருவதும் சீக்கிரம் புளிக்கும் என்பதால், இளந்தயிரிலேயே இரண்டு ஸ்பூன் எடுத்துத் தனிக் கிண்ணத்தில் மூடி வைத்துக்கொள்.

உறை தீர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். உறைக்கு மராத்தியில் விரஜண் என்று பெயர். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் "காகூ, தோட விரஜண் த்யா நா" என்று கேள். இந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு இந்த ஊரில் முதல் சிநேகமே கிடைத்தது. நம் ஊரில் விளக்கு வைத்த பிறகு உறை கொடுக்க மாட்டார்கள் இல்லையா, அதை நினைத்து நீயும் பகலிலேயே கேட்டுவிடு.

பால் வாங்கும்போது ம்ஹைஸ் என்றால் எருமை, காய் என்றால் பசு. எருமைப்பாலில் கொழுப்பு ஆறேழு சதவீதம் இருக்கும், பசும்பாலில் நாலை ஒட்டித்தான். கட்டித்தயிருக்கும் இனிப்புக்கும் எருமை, மோருக்குப் பசு என்று வைத்துக்கொள். கசபா பேட் பக்கம் போனால் கும்பார்வாடாவில் மண்சட்டி கிடைக்கும், ஒன்று வாங்கி வை. மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கெட்டியாகத் தோயும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் மட்டும் தயிரை வைக்காதே, புளிப்பு பட்டு உலோகம் இறங்கும்.

கடையில் வாங்கத்தான் வேண்டியிருந்தால், டெய்ரிகளில் பாத்திரத்திலிருந்து எடுத்து நிறுத்துத் தருகிற தயிரை வாங்கு. "ஆம்பட் நகோ, கோட் த்யா" என்று சொல். புளிப்பு வேண்டாம், புளிக்காததாகக் கொடுங்கள் என்று அர்த்தம். பாக்கெட்டில் இங்கே 'தஹி' என்றுதான் இருக்கும். நம் ஊர் ஆவின் பாக்கெட்டிலும் அப்படியே அச்சிடச் சொல்லி 2023 மார்ச்சில் உத்தரவு வந்து, தமிழ்நாடே எழுந்து பேசி, அதே மாதக் கடைசியில் தயிர் என்றும் போட்டுக்கொள்ளலாம் என்று மாறியது நினைவிருக்கும். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். தூரத்தில் இருக்கிறவளுக்குத்தான் ஒரு சொல்லின் அருமை தெரியும்.

இளந்தயிர்

தோய்ந்த அன்றைய தயிருக்கு அதிகம் எதுவும் செய்யாதே. அதன் மேல் ஏதாவது தூவு, அவ்வளவுதான். இங்கே பொடித் தயிர் என்று ஒரு பெரிய உலகமே இருக்கிறது. சோலாப்பூர் வேர்க்கடலைச் சட்னி ஈரமில்லாத பொடியாக எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும். அரைக் கிண்ணம் தயிரில் ஒரு பெரிய ஸ்பூன் போட்டுக் கலக்கினால் சப்பாத்திக்கும் இங்கத்து ரொட்டியான பாக்ரிக்கும் தொட்டுக்கொள்ள அரை நிமிஷத்தில் தயார். ஆளிவிதைச் சட்னிப் பொடியும் அதே மாதிரி. மேத்கூட் என்று ஒன்று உண்டு, கடலைப்பருப்பு, உளுந்து, அரிசி, வெந்தயம் எல்லாம் வறுத்து அரைத்த மஞ்சள் நிறப் பொடி. குழைந்த சாதத்தில் நெய்யோடு பிசைவார்கள், தயிரில் கலந்து கடுகு தாளித்தும் வைப்பார்கள். நம் அங்காயப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி எல்லாமே தயிரில் இதே வேலையைச் செய்யும். ராஸ்தா பேட்டில் நம்மூர்ச் சாமான் விற்கிற கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

அடுத்தது கோஷிம்பீர். நம் கோசுமல்லிக்கு இது சொந்தம் என்று பெயரைக் கேட்டாலே தெரிகிறது. வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கு; கொரகொரப்பாகப் பொடித்த வறுத்த வேர்க்கடலை இரண்டு ஸ்பூன், பச்சைமிளகாய், கொத்தமல்லி, ஒரு சிட்டிகை சர்க்கரை, தயிர். மேலே நெய்யில் சீரகமும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டு. அந்த வேர்க்கடலைப் பொடிதான் உயிர், தயிர் தண்ணீர் விட்டால்கூட உறிஞ்சிக்கொள்ளும். இதற்கும் எல்லாப் பச்சடிகளுக்கும் ஒரே சட்டம்: உப்பைச் சாப்பிட உட்காரும்போது போடு. முன்னாலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டுப் பச்சடி குழம்பாகிவிடும். வெள்ளரிக்காயை உப்பில் பிசிறிப் பிழிந்து போடுவதானால் அந்தத் தண்ணீரை மோரில் சேர்த்துக்கொள். ஈரான்காரர்கள் இதே வெள்ளரித் தயிரில் காய்ந்த புதினாவும் வால்நட்டும் உலர்ந்த ரோஜா இதழும் தூவுவார்கள். ஒரு தடவை செய்து பார்த்தேன். ரோஜா இதழ் இல்லாமலே நன்றாக இருந்தது.

சுட்ட கத்தரிக்காயைத் தயிரில் மசித்துப் போடுவதும் இங்கே உண்டு, பரீத் என்பார்கள். நம் கத்தரிக்காய் தயிர்ப் பச்சடியேதான். பூசணிக்காயை ஆவியில் வேகவைத்து மசித்துத் தயிர் சேர்த்து வெந்தயம் தாளித்துக் கொட்டுவது நமக்குப் புதிது. அவசியம் செய்.

இனிப்புக்கு வருகிறேன். ஸ்ரீலங்காவில் சட்டியில் தோய்ந்த எருமைத்தயிர் மேல் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடுவார்கள். இங்கே கித்துள் எங்கே போவது? கோலாப்பூர்ப் பக்கத்து வெல்ல ஆலைகளிலிருந்து காக்வி வருகிறது. வெல்லம் கட்டியாவதற்கு முந்திய பாகு அது, பாட்டிலில் கிடைக்கும். கட்டித்தயிர் மேல் இரண்டு ஸ்பூன் காக்வி, பொடித்த ஏலம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து ஏதாவது இனிப்பு தின்ன வேண்டும் என்று தோன்றுமே, அதற்கு இதுதான் மருந்து.

பழம் போடும்போது கவனம் தேவை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மஹாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி தெருவெல்லாம் குவிந்து கிடக்கும். நறுக்கிச் சர்க்கரை பிசிறிக் கால் மணி நேரம் வைத்தால் அதுவே சாறு விடும், அதைத் தயிரில் ஊற்று. சாஸ்வட் பக்கத்து அத்திப்பழமும் சீதாப்பழமும் தயிருக்கு நன்றாகச் சேரும். ஆனால் பச்சை அன்னாசியும் பச்சைக் கிவியும் தயிரில் போட்டால் சற்று நேரத்தில் கசக்கும். அவற்றில் உள்ள நொதி பால் புரதத்தை உடைத்துவிடுவதால் வருகிற கசப்பு அது. அன்னாசியைச் சர்க்கரையோடு ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர், கசக்காது.

சக்கா

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புனேயில் இருந்துகொண்டு சக்கா செய்யத் தெரியாமல் போகக் கூடாது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தால் நிற்பதுதான் சக்கா. உகாதி நாளான சைத்ர பிரதிபதையில்தான் இங்கே குடி பாட்வா பண்டிகை. அன்று வீட்டுக்கு வீடு ஸ்ரீகண்டும் பூரியும். பாட்வாவுக்கு முந்தின நாள் டெய்ரி வாசல்களில் சக்காவுக்கு வரிசை நிற்கும். சாங்லி மாவட்டம் பிலவடியில் 1939இல் பால் தொழில் தொடங்கிய சித்தளே குடும்பம் 1950இல் புனேயில் கடை போட்டது. பாக்கர்வடிக்குப் பேர் போன அந்தக் கடையிலேயே ஸ்ரீகண்டும் டப்பாவில் கிடைக்கும். நீ வாங்கிச் சாப்பிட்டுமிருப்பாய். ஆனால் வீட்டில் செய்தது வேறு சங்கதி.

ஒரு லிட்டர் எருமைப்பாலில் தோய்ந்த புளிக்காத தயிரை எடு. மெல்லிய பருத்தித் துணி, பழைய வேட்டித் துணியானால் மிகவும் நல்லது, அதை நனைத்துப் பிழிந்து வடிதட்டின்மேல் விரித்துத் தயிரை ஊற்று. நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு சிங்க் குழாயில் தொங்கவிட்டு, அடியில் பாத்திரம் வை. முதல் பத்து நிமிஷம் தண்ணீர் ஓடும். பிறகு சொட்டும். ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்த பிறகு டக், டக் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். வெயில் காலமானால் குழாயில் விடாதே, வடிகட்டியோடு ஃபிரிட்ஜுக்குள் வை, இல்லாவிட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் மூட்டையைப் பிரித்தால் துணியின் இழை பதிந்த வெள்ளை உருண்டை ஒன்று கையில் வந்து உட்காரும். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்க வேண்டும். ஒரு லிட்டருக்கு சுமார் 350 கிராம் தேறும்.

ஸ்ரீகண்டுக்குப் பழைய கணக்கில் சக்காவும் சர்க்கரையும் சம எடை. எனக்கு அது திகட்டுகிறது, முக்கால் பங்கு போடுகிறேன். பொடித்த சர்க்கரையைக் கலந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கு. இந்தத் தேய்ப்பில்தான் ஸ்ரீகண்டுக்கு அந்தப் பட்டுப் பதம் வருகிறது. மிக்ஸியில் அடித்தால் நீர்த்துப்போகும். இளஞ்சூட்டுப் பாலில் ஊறவைத்த குங்குமப்பூ, ஏலம், கொஞ்சம் ஜாதிக்காய், மேலே சாரப்பருப்பு. மாம்பழக் காலத்தில் ஹாப்பூஸ் விழுதைக் கலந்தால் ஆம்ரகண்ட். மிஞ்சிய ஸ்ரீகண்டை மோரில் கரைத்து ஜாதிக்காய் தூவிக் குடித்தால் அது பியூஷ், குளிரக் குளிரக் குடிக்க வேண்டும்.

சக்காவை உப்புக்கும் பயன்படுத்து. லெபனான்காரர்கள் வடித்த தயிரில் உப்புப் போட்டு ஆலிவ் எண்ணெய் ஊற்றி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள், லப்னே என்று பெயர். நீ சக்காவில் உப்பும் ஒரு ஸ்பூன் தேச்சாவும் கலந்து பிரெட்டில் தடவி வெள்ளரி வில்லை அடுக்கு. பச்சைமிளகாயும் பூண்டும் கல் உப்பும் இடித்த தேச்சாவின் காரம் சக்காவில் பதமாக அடங்கிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் க்ரீக் யோகர்ட் என்று சின்ன டப்பாவை அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறாயே, அதுவும் வடித்த தயிர் வகைதான். வடிந்த மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிடாதே. சப்பாத்தி மாவு பிசை, மிருதுவாக வரும். ரசத்தில் பாதி தண்ணீருக்குப் பதில் ஊற்று, புளியைக் குறைத்துக்கொள்.

மறுநாள் தயிர்

கொஞ்சம் புளிப்பு தட்டிய தயிர் மோருக்கென்றே பிறந்தது. புனே கல்யாணப் பந்தியில் ஜிலேபியோடு மட்டா என்கிற மசாலா மோர் ஊற்றுவார்கள். முதலில் எனக்கு இது என்ன பொருத்தம் என்றிருந்தது. ஒரு கடி ஜிலேபி, ஒரு வாய் மட்டா என்று சாப்பிட்டுப் பார்த்தபோது புரிந்தது. காகூ செய்வது இப்படி: அம்மியில் ஒரு துண்டு இஞ்சி, ஒரு பச்சைமிளகாய், ஒரு பிடி கொத்தமல்லித் தண்டு, கல் உப்பு. தண்ணீர் விடாமல் நசுக்குகிறார். இலையை விடத் தண்டில்தான் வாசனை என்பார். ஒரு பங்கு தயிரை மத்தால் கடைந்து மூன்று பங்கு தண்ணீர், நசுக்கியது, வறுத்துப் பொடித்த சீரகம், பெருங்காயம், அரை ஸ்பூன் சர்க்கரை. கால் மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுகிறார். அந்த ஊறல்தான் முக்கியம். உடனே குடித்தால் காரம் தனி, மோர் தனியாக இருக்கும். உன்னிடம் அம்மி இல்லையென்றால் சின்ன உரல் போதும், மிக்ஸி மட்டும் வேண்டாம், நுரைத்துக் கசந்துவிடும்.

ஹிஞ்சவடி ஆபீஸுக்கு டப்பாவில் தயிர்சாதம் எடுத்துப்போய் மத்தியானம் புளித்துவிடுகிறது என்றாயே, அதற்கு அம்மாவின் வழி. சாதத்தைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே உப்புப் போட்டு மசித்து, காய்ச்சின பால் ஒரு டம்ளர் ஊற்றிக் கிளறு. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தயிர் ஒரே ஒரு ஸ்பூன். காலை எட்டு மணிக்குக் கட்டினால் ஒரு மணிக்குள் டப்பாவிலேயே தோய்ந்து இளந்தயிர்சாதமாக இருக்கும். தாளிப்பை ஆறவைத்துச் சேர். மாதுளை, திராட்சை எல்லாம் சாப்பிடும்போது மேலே தூவிக்கொள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விடும்.

அதற்குத் தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் ஊரிலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்காதே. இங்கே சாண்ட்கீ மிர்ச்சி என்று தயிரில் ஊறிய மிளகாயில் மசாலா அடைத்துக் காயவைத்தது கிடைக்கும். எண்ணெயில் பொரித்துத் தயிர்சாதத்தில் நொறுக்கிப் பிசைவார்கள். நம்முடையதைவிடக் கொஞ்சம் மணம் அதிகம், காரம் குறைவு. ஏப்ரல் வெயிலில் நீயே போடலாம்: மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் ஊறவை, பகலில் எடுத்துக் காயவை, மாலையில் மறுபடி அதே தயிரில் போடு. தயிர் முழுக்க மிளகாய்க்குள் போகும்வரை இதைச் செய்து, கடைசியில் மொறுமொறுவென்று காயவிடு. பால்கனி வெயில் போதும்.

கோகுலாஷ்டமிக்கு மறுநாள் இங்கே உறி உடைக்கிற தஹி ஹண்டி. அன்றைய பிரசாதம் கோபால்காலா: அவல், தயிர், வெள்ளரி, ஊறவைத்த கடலைப்பருப்பு, தேங்காய், ஊறுகாய்த் துண்டு, எல்லாம் ஒன்றாகப் பிசைந்தது. அடுப்பே வேண்டாம். கேஸ் தீர்ந்த அன்றைக்கும் சமைக்கத் தெம்பில்லாத அன்றைக்கும் செய். அவலை அலசி வடித்து ஐந்து நிமிஷம் விட்டுத் தயிரில் போடு. மேலே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் நம் தயிர் அவல்.

இப்போது உனக்கு ஒரு ஆச்சரியம். தஞ்சாவூர்ப் பாட்டி டாங்கர் பச்சடி செய்வாளே, உளுந்தை வறுத்து அரைத்துத் தயிரில் கரைத்துத் தாளிப்பது? இங்கே அதற்கு டாங்கர் என்றே பெயர். வறுத்த உளுந்து மாவில் சீரகம், தனியா சேர்த்து அரைத்து, தயிரிலோ மோரிலோ கரைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டுப் பெருங்காயம் தாளிக்கிறார்கள். காகூ வீட்டில் முதல் தடவை அதைச் சாப்பிட்டபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 1676இல் ஏகோஜி தஞ்சாவூரில் அரசேறியதிலிருந்து 1855 வரை அங்கே மராட்டியர்கள் ஆண்டார்கள். பாட்டி வீட்டுத் தட்டில் இருந்ததும் காகூ வீட்டுத் தட்டில் இருந்ததும் ஒரே பெயர், ஒரே ருசி. நாலு ஸ்பூன் மாவு, ஒரு கிண்ணம் தயிர். கரைத்ததும் பத்து நிமிஷம் வைத்தால் கெட்டிப்படும், அப்போது தண்ணீர் விட்டுத் தளர்த்திக்கொள். வறுபடும் உளுந்து பொன்னிறத்தைத் தாண்டக் கூடாது. மாவை மாதத்துக்கு ஒரு தடவை அரைத்து டப்பாவில் வைத்துக்கொள், காய் இல்லாத நாளில் கை கொடுக்கும்.

புளித்த பிறகு

நீ சிங்கில் கொட்டுகிறாயே, அந்தத் தயிருக்குத்தான் அடுப்பில் அதிக வேலை இருக்கிறது. புளித்த தயிரைக் கொதிக்கவைத்தால் திரிந்துவிடும் என்று பயம் வேண்டாம், மாவு சேர்த்தால் திரியாது. மராத்தி கடீக்கு இரண்டு கப் கெட்டி மோருக்கு ஒன்றரை ஸ்பூன் கடலைமாவைக் கட்டி இல்லாமல் கரைத்து, இஞ்சி, பச்சைமிளகாய் நசுக்கியது, மஞ்சள், உப்பு, ஒரு சின்னத் துண்டு வெல்லம் சேர்த்து, மிதமான தீயில் கைவிடாமல் கிளறு. ஒரு கொதி வந்து பச்சை மாவு வாசனை போனதும் இறக்கு. நெய்யில் சீரகம், வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு தாளித்துக் கொட்டு. நம் மோர்க்குழம்பில் அந்த வேலையை ஊறவைத்த துவரம்பருப்பும் அரிசியும் தேங்காயோடு அரைத்த விழுது செய்கிறது. அதைக் கொதிக்கவே விடக் கூடாது, ஓரத்தில் நுரை கட்டியதும் அணைத்துவிடு. வெண்டைக்காயைத் தனியாக வதக்கிக் கடைசியில் போடு.

நான் உனக்குக் கட்டாயப்படுத்திச் சொல்வது உக்கட். ஒரு கப் அரிசிமாவை மூன்று கப் புளித்த மோரில் கரைத்து வை. கடாயில் தாராளமாக எண்ணெய், கடுகு, சீரகம், பெருங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, மூன்று பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள். கரைத்ததை ஊற்றிக் கிளறிக்கொண்டே இரு. கெட்டிப்பட்டதும் மூடி, மிகச் சின்னத் தீயில் ஐந்து நிமிஷம். தட்டில் போட்டு நடுவில் குழி பண்ணிப் பச்சை எண்ணெய் விட்டுச் சாப்பிடு. நம் மோர்க்களியைச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. ஜூலை மழையில் ஒரு நாள் ராத்திரி இதைச் செய்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

கோழிக்கும் ஒரு கரண்டி எடுத்து வை. மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டோடு புளித்த தயிரில் பிசறி ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் ஊறினால் கறி மெத்தென்று வேகும். ரவா தோசை, ரவா இட்லிக்கும் இந்தத் தயிர்தான். எதற்கும் உதவாத அளவு புளித்துவிட்டால் பித்தளை விளக்கைத் தேய், பளபளக்கும்.

எப்போது கொட்ட வேண்டும் என்றும் தெரிந்துகொள். புளிப்பு மட்டும் இருந்தால் கெட்டதாக அர்த்தமில்லை. மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை பூத்தாலும், இளஞ்சிவப்பாக நிறம் மாறினாலும், நூல் விட்டு நாற்றம் அடித்தாலும் வழித்து எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதே, முழுக்கக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை வெந்நீரில் கழுவு.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது என் எவர்சில்வர் தூக்கைத் திருப்பிக் கொண்டு வா. மண்சட்டியில் உனக்கு விரஜண் எடுத்து வைத்திருக்கிறேன். வரும் வழியில் காய்கறிச் சந்தையில் நல்ல பிஞ்சு வெள்ளரிக்காய் பார்த்தால் அரைக் கிலோ வாங்கிக்கொள். டாங்கர் மாவு நான் அரைத்துவிட்டேன்.